டெண்டர் பெட்டிக்கு முன்னும் பின்னும்

(இந்த வாரம் வாசகர் கேள்விகள்: அரசு கொள்முதல், டெண்டர்)

போன மாதம் ஒரு பதிலில் போகிற போக்கில் டெண்டரைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதி மாவட்டம் டெண்டர் போட்டுக்கொண்டிருக்கிறது, மீதிப் பாதி டெண்டர் விட்டுக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. நான் ஒரு அரசுத் துறையில் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் பில் பார்த்தவன் என்பதால் கேட்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், காரணம் புரிகிறது. ஊர் மட்டும் போதும்.

நாங்கள் பள்ளிக்கூட பெஞ்ச், டெஸ்க் செய்கிற சின்னப் பட்டறை நடத்துகிறோம். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். 14 லட்ச ரூபாய்க்கு பெஞ்ச் வாங்க ஒரு அலுவலகம் டெண்டர் விட்டது. மூன்று வருட சராசரி டர்ன்ஓவர், அதாவது வருட விற்பனை, 3 கோடி வேண்டுமாம். பலகை நீளம் சரியாக 1235 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். என்ன செய்வது ஐயா?
வாசகி, காவேரிப்பட்டணம்

அம்மா, அந்த 1235-ஐப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்களுக்குத் தெரியாததில்லை, பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு அடி, அதாவது 2440 மில்லிமீட்டர் நீளம். 1200 என்று கேட்டால் ஒரு பலகையில் இரண்டு துண்டு வரும். 1235 என்று கேட்டால் ஒன்றுதான் வரும், மிச்சம் 1205 மில்லிமீட்டர் துண்டாகப் பட்டறையில் கிடக்கும். தனி அளவில் பலகை வரவழைக்கிற பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, உங்களுக்கோ பலகைச் செலவு இரட்டிப்பு. முப்பத்தைந்து மில்லிமீட்டரில் உங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். டெண்டர் திறக்கிற அன்று எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கும், யாரும் குற்றம் சொல்ல முடியாது. நடக்க வேண்டியது அந்த அளவை டைப் அடித்த அன்றே நடந்து முடிந்துவிட்டது.

டர்ன்ஓவர் கதையும் அதேதான். கட்டுமானப் பணிகளில் முன்தகுதி, அதாவது யார் டெண்டர் போடலாம் என்ற நிபந்தனை, வைப்பதற்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-லேயே ஒரு அளவுகோல் சொன்னது. கடந்த மூன்று வருட சராசரி டர்ன்ஓவர், வேலை மதிப்பில் 30 சதவீதம் இருந்தால் போதும். அதே மாதிரி வேலை செய்த அனுபவம் கேட்டால், மதிப்பில் 40 சதவீதத்துக்கு மூன்று வேலை, அல்லது 50 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்கு ஒன்று. நம் மாநில அலுவலகத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, நீங்கள் செய்வதும் சப்ளை, கட்டுமானம் இல்லை. ஆனால் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். அந்தக் கணக்கில் உங்கள் 14 லட்சத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் டர்ன்ஓவர் வருகிறது. கேட்டிருப்பது 3 கோடி, வாங்கப்போகிற பொருளின் விலையைப் போல இருபது மடங்குக்கும் மேல்!

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் அதைத்தான் செய்வதில்லை. டெண்டர் வந்த முதல் வாரத்திலேயே, கடைசி நாளுக்கு வெகு முன்பாக, எழுத்தில் கேள்வி கேளுங்கள். "1235 எதற்கு, 1200 ஏன் ஆகாது, 3 கோடி எந்தக் கணக்கில் வந்தது" என்று மூன்றே வரி. டெண்டர் போடுவதற்கு முன் சந்தேகம் கேட்கிற ப்ரீ-பிட் கூட்டம் வைத்தால் நேரில் போய்க் கேட்டு, உங்கள் கேள்வி மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஃபைலில் ஒரு கேள்வி ஏறிவிட்டால் அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும், ஆடிட்டர் வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். டெண்டர் முடிந்து அடுத்தவருக்குப் போன பிறகு டீக்கடையில் புலம்புவது ஃபைலில் ஏறாது.

அதற்கும் பலனில்லை, போட்ட டெண்டரைத் தள்ளிவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 என்று ஒன்று நமக்கு உண்டு. உத்தரவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்தே நாள், அதனால் கவரோடு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உதயம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருந்தால் மத்திய அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் பக்கம் பாருங்கள். 2012-இல் வந்த கொள்முதல் கொள்கைப்படி அவர்கள் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடமிருந்து இருக்க வேண்டும், அந்த 25-க்குள் 3 பெண்கள் நடத்துகிற தொழில்களுக்கு. டெண்டர் போடும்போது கட்டுகிற முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி., கட்டத் தேவையில்லை. மிகக் குறைந்த விலை போட்ட எல்-1 பெரிய கம்பெனியாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு சப்ளை செய்யவும் வாய்ப்பு உண்டு. பொதுத்துறை நிறுவனமான சேலம் உருக்காலை ரொம்ப தூரத்தில் இல்லையே.

எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே, இனிமேலும் டெண்டரில் செட்டிங் என்று சொல்வது பழைய பேச்சு இல்லையா?
கல்லூரி மாணவர், தருமபுரி

தம்பி, இ-டெண்டர் நல்லது செய்தது, அதை நான் மறுக்க மாட்டேன். டெண்டர் பெட்டி இருந்த காலத்தில் கடைசி நாளன்று அலுவலக வாசலில் நாலு பேர் வெள்ளை வேட்டியில் நிற்பார்கள். வெளியூர்க் கான்ட்ராக்டர் கவரோடு வந்தால் "அண்ணே, ஒரு டீ சாப்பிடலாம் வாங்க" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போவார்கள், அவர் திரும்பி வரும்போது மணி மூன்று அடித்திருக்கும், பெட்டிக்கு சீல் வைத்திருப்பார்கள். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஏற்றிவிடலாம். வாசலில் நிற்கிற வேலை போய்விட்டது.

ஆனால் ரிங் போகவில்லை. நாலு பேர் பேசிவைத்து இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று விலை போட்டால் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது எண்களைத்தான் பார்க்கும். என் கதை ஒன்று. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் மூன்று கொட்டேஷன் வந்தது. மூன்று லெட்டர்ஹெட், மூன்று முத்திரை, மூன்று கையெழுத்து. மூன்றிலும் ஆங்கில ‘ஈ’ எழுத்தின் வயிறு மை அடைத்துக் கறுப்பாக இருந்தது, ஒரே டைப்ரைட்டர். பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் காட்டினேன். "கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பார்க்காதே தம்பி" என்றார். பில் பாஸ் ஆனது, நான்தான் கையெழுத்துப் போட்டேன், அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று அந்த ‘ஈ’-க்குப் பதிலாக வேறு தடயங்கள் இருக்கின்றன. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே இணைய முகவரியிலிருந்து மூன்று டெண்டர் ஏறுவது, ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்ணில் டி.டி. எடுப்பது, தோற்றவர்கள் எல்லா ஐட்டத்திலும் ஜெயித்தவரைவிடச் சரியாக 3 சதவீதம் கூடுதலாகப் போட்டிருப்பது. கம்ப்யூட்டரில் இத்தனையும் பதிவாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும். கூட்டுச் சேர்ந்து விலை போடுவது 2002-ஆம் வருடப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். ரிங்கில் இருக்கிற ஒருவரே முதல் ஆளாகப் போய் போட்டி ஆணையத்திடம் உண்மையைச் சொன்னால் அவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகவும் வழி இருக்கிறது. நம்மூரில் பலருக்கு இது தெரியாது.

ஆன்லைனில் நமக்கு இன்னும் வராத பாதி எது என்றால் டெண்டர் முடிந்த பிறகான பகுதி. உக்ரைனில் 2016-இல் ஒரு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். தோற்றவர்கள் போட்ட விலை, அவர்கள் கொடுத்த காகிதங்கள், ஒப்பந்தம், எல்லாமே ஏலம் முடிந்ததும் யாரும் பார்க்கும்படி கிடைக்கும். நமக்கு யார் ஜெயித்தார் என்பது வரை தெரிகிறது. அதற்கப்புறம் எத்தனை முறை காலநீட்டிப்பு கொடுத்தார்கள், கூடுதல் வேலை என்று எவ்வளவு ஏறியது, கடைசியில் எவ்வளவு பணம் போனது என்பதெல்லாம் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் தெருவுக்கு பேவர் பிளாக் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு மழைக்கு உள்வாங்கிவிட்டது. யாரைக் கேட்டாலும் "டெண்டர்படி செய்தாச்சு" என்கிறார்கள்.
வாசகர், பென்னாகரம் வட்டம்

டெண்டர்படி செய்தார்களா என்பதை நீங்களே பார்க்கலாம், பெரிய படிப்பு வேண்டாம். பெயர்ந்து கிடக்கிற ஒரு கல்லை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை வைத்துக் கனத்தை அளந்து பாருங்கள். எஸ்டிமேட்டில் 60 மி.மீ. அல்லது 80 மி.மீ. என்று ஒரு கனம் போட்டிருப்பார்கள், கல்லின் தரத்துக்கு எம்-30, எம்-35 என்று ஒரு எண்ணும் இருக்கும். அப்புறம் கல்லுக்கு அடியில் பாருங்கள். மணல் அல்லது கிரஷர் பவுடர் படுகை இருக்கிறதா, அதற்கும் கீழே ஜல்லி போட்டு ரோலர் ஓட்டியிருக்கிறார்களா, இல்லை செம்மண் மேலேயே கல்லை அடுக்கிவிட்டார்களா? உள்வாங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தப்பு கல்லில் இல்லை, அடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். "ஏன் ரோடு உள்வாங்கியது" என்று கேட்காதீர்கள், அதற்கு பதில் வராது. இந்த வேலையின் எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், ஒப்பந்த நிபந்தனைகள், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கடைசி பில், இவற்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அளவுப் புத்தகம், அதாவது எம்.புக், அதில்தான் ஜாதகமே இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை மீட்டர் நீளம், அகலம், கனம் அளந்தார்கள், யார் கையெழுத்து, மேலதிகாரி சரிபார்த்தாரா என்பதெல்லாம் வரி வரியாக இருக்கும். ஜல்லி 100 மி.மீ. அளந்ததாக எழுதியிருந்து, உங்கள் தெருவில் தோண்டினால் செம்மண் வந்தால், அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சட்டம் காகிதத்தை மட்டும் தருவதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது, பிரிவு 2(ஜே). 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்கள் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் மனுவில் சேருங்கள்: குறைபாடு பொறுப்புக் காலம் எவ்வளவு? ஒப்பந்தத்தில் அது இருந்து, எட்டு மாதம் அதற்குள் வந்தால், கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும், அதற்குத்தான் அவருடைய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது முடிந்து பணம் திரும்பப் போவதற்குள் எழுதுங்கள். அப்புறம் கிராம சபையில் அதே நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள், கையில் காகிதம் இருந்தால் சத்தம் போட வேண்டியிருக்காது.

அரசு விடுதிகளுக்குப் பாய், தலையணை தைத்துக் கொடுத்தேன். 9 லட்சத்து 60 ஆயிரம் பில். பதினான்கு மாதமாக "ஃபண்ட் வரல" என்கிறார்கள். ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம்.
வாசகர், அரூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரெண்டு வட்டி என்றால் மாதம் 19,200 ரூபாய். பதினான்கு மாதத்துக்கு 2 லட்சத்து 68 ஆயிரத்து 800. இந்தச் சரக்கில் உங்களுக்கு லாபம் இவ்வளவு இருந்திருக்காது.

அலுவலகத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபண்ட் வரவில்லை என்பது சில நேரம் நிஜம். பணம் ஒதுக்காமலே மார்ச்சுக்குள் டெண்டர் விட்டு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள், பணம் எப்போது வரும் என்று ஆர்டர் கொடுத்தவருக்கே தெரியாது. சில நேரம் ஃபண்ட் வந்து, மேசையில் வேறொன்றுக்காகக் காத்திருக்கும். இந்த இரண்டாவதுதான் உங்கள் கதை என்றால், 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து கொடுப்பவரும் குற்றவாளி என்பதை நினைவில் வையுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

நீங்களே தைத்துக் கொடுக்கிறீர்கள், சரக்கு கொடுப்பதற்கு முன்பே உதயம் பதிவும் வைத்திருந்தீர்கள் என்றால், 2006-ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம். சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வாங்கியது அரசு அலுவலகமாக இருந்தாலும் இதேதான். மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிந்தால், இந்த மாதிரி பாக்கி வழக்குகளைத் தீர்க்கிற மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்லி, அவர்கள் கோர்ட்டுக்குப் போக நினைத்தால் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வாங்கி விற்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்புறம் அடுத்த ஆர்டர் கிடைக்காதே" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம்தான் எல்லோரையும் வாயை மூட வைக்கிறது. நானும் அதற்கு மருந்து சொல்ல முடியாது. ஆனால் அரசுக்கு இதில் என்ன நஷ்டம் என்று பாருங்கள். உங்கள் வட்டி பில்லில் 28 சதவீதம். அடுத்த முறை நீங்கள் டெண்டர் போட்டால் அந்த 28-ஐ முதலிலேயே ஏற்றித்தானே போடுவீர்கள்? பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தான் போடுவார். அப்படி ஏற்றிப் போட மனசில்லாதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், மிஞ்சுகிற இரண்டு மூன்று பேர் பேசிவைத்துக்கொள்வார்கள். டெண்டர் முறையைத் திருத்த என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு யோசனை மட்டும் என்னைக் கேட்டால், புதுச் சட்டம், புது இணையதளம் எதுவும் சொல்ல மாட்டேன். பில்லை நாற்பத்தைந்து நாளில் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல ஆட்கள் தானாக வருவார்கள்.

குறைந்த விலை போட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்பதுதானே எல்லாக் கோளாறுக்கும் காரணம்?
வாசகர், ஊத்தங்கரை

பாதி சரி. நம் பக்கம் ஆயிரம் அடி போர்வெல் சாதாரணம், அதில் இறக்குகிற மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை குதிரைத்திறன், தினம் எட்டு மணி நேரம் என்றால் 45 யூனிட் ஓடும். இரண்டு மோட்டாருக்கு இடையில் பத்து சதவீதம் மின்சார வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 1,600 யூனிட், யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் பதின்மூவாயிரம் ரூபாய் பக்கம். ஐயாயிரம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய மோட்டார் முதல் வருடத்திலேயே அந்த லாபத்தைத் தின்றுவிடும். இதற்கு எல்-1 முறையைத் தூக்கி எறிய வேண்டாம், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதையும் டெண்டர் கணக்கில் சேர்த்து எல்-1 யார் என்று பார்த்தால் போதும். மத்திய அரசு 2021 அக்டோபரில் கொடுத்த அறிவுரையில் சில வகைப் பணிகளுக்குத் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வழிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. மதிப்பெண் போடுகிற கை யாருடையது என்பதைப் பார்க்க வேண்டுமே.

நான் ஒரு அலுவலகத்தில் டெண்டர் செக்‌ஷன் பார்க்கிறேன். நல்லது செய்ய நினைத்தாலும் ஆடிட் அப்ஜெக்‌ஷன் பயம். ஒரே ஒரு டெண்டர் வந்தால் மறு டெண்டர் விடச் சொல்கிறார்கள், மூன்று முறை விட்டாச்சு.
வாசகர், கிருஷ்ணகிரி

அதே 2021 அறிவுரையில் இதற்கும் பதில் இருக்கிறது. போதுமான விளம்பரம் கொடுத்து, போதுமான நாள் விட்டு, நிபந்தனைகள் ஆளை விரட்டுகிற மாதிரி இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால் ஒற்றை டெண்டரையும் ஏற்கலாம் என்று. அது மத்திய அரசுத் துறைகளுக்கானதுதான், ஆனால் உங்கள் குறிப்பில் காரணமாகக் காட்டலாம். நம் மாநில விதிப்படி 2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் வேண்டும், குறைப்பதென்றால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். முழு நாளும் கொடுத்தீர்களா, குறைத்தீர்களா? மூன்று முறையும் அதே நிபந்தனையோடு விட்டிருந்தால் நாலாவது முறையும் அவர் ஒருவர்தான் வருவார்.

ஆடிட் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, முடிவெடுக்கும் அன்றே நோட் ஃபைலில் காரணத்தை எழுதிவிடுவது. ஆடிட்டர்கள் அப்ஜெக்‌ஷன் போடுவது பெரும்பாலும் முடிவுக்கு இல்லை, ஏன் என்று எழுதாத முடிவுக்கு.

அரசு கேழ்வரகு கொள்முதலும் டெண்டரா?
விவசாயி, பாலக்கோடு

இல்லை. உங்களிடம் வாங்குவது நேரடிக் கொள்முதல் நிலையத்தில், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு. 2024-25-இல் அது குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்தது. 2023-இல் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு என்று ஆரம்பித்தார்களே, அதற்குப் போகிற சரக்கு. சாக்கு, லாரி இந்த மாதிரிச் செலவுகளுக்குத்தான் டெண்டர்.

எடை போடும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். 50 கிலோ சணல் சாக்கு ஒன்று 580 கிராம் இருக்கும், அதற்கு ஒரு கிலோ கழித்தால் ஏன் என்று கேளுங்கள். ரசீது கொடுக்காமல் "அப்புறம் வாங்க" என்றால் வண்டியை எடுக்க வேண்டாம்.